மெஷினில் பழுது இல்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை கவிதாவை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, எதிர் டீக்கடையில் பைக்கை விட்டு இறங்காமல் நீ நின்றுகொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டிய பெண்டாட்டியைத் தூது அனுப்பும் அளவுக்குப் பெற்றவள் அந்நியமாகிவிட்டேன். பாவம் அந்தப் பெண், நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "அத்த, ஒரே ஒரு லெட்டரு மட்டும் குடுத்துடுங்க. அன்னிக்கி மிஷினு ரிப்பேரா இருந்துச்சின்னு எழுதுனா போதும். பெங்களூரு கம்பெனியில கேக்குறாங்க" என்றாள். படுக்கை பஸ் ஓட்டும் கம்பெனியாம். பழைய இடத்தில் குடித்துவிட்டு ஊதல் சோதனையில் மாட்டியது உண்டா இல்லையா என்று எழுத்தில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்களாம். நீ நம் பஸ் முதலாளியிடம் போய் நின்றாயாம். அவரோ, "ஊதுற நோட்டு உங்கம்மா கைலதான இருக்குது, அவங்க எழுதிக் குடுத்தா நான் சீலு வெக்கிறேன்" என்று நழுவிவிட்டாராம். நல்ல மனிதர். எந்தப் பாரத்தையும் அடுத்தவர் தலையில் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சரி, நீ கேட்டது கடிதம். எழுதுகிறேன். ஆனால் நீ கேட்ட கடிதம் இது இல்லை என்பது இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். கவிதா படிக்கட்டும், உன் அப்பாவின் தங்கை படிக்கட்டும், ஷெட்டில் நேரப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அன்றைக்கு மெஷினில் பழுது இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அதைச் சரிபார்த்துச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். அதை எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

ஊரில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது என் காதுக்கு வராமல் இல்லை. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் காலையிலேயே சம்பந்தி வீட்டார் முன்னால் பிள்ளையைக் குடிகாரன் என்று நிறுத்தியவள். பஸ் ஷெட்டில் ஆம்பிளைகள் வாயருகே குழாயை நீட்டிக்கொண்டு நிற்கிற வேலை ஒரு பொம்பளைக்குத் தேவையா என்றும் கேட்கிறார்கள். தேவைதான். அந்தச் சம்பளத்தில்தான் நீ கனரக வாகன லைசென்ஸ் எடுத்தாய்.

எனக்கு அந்த வேலை எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். பீங்கான் கம்பெனியில் பதினோரு வருடம் ஃபியூஸ் கட்டை தரம் பிரித்தேன். சூளையிலிருந்து வருகிறதை இன்னொன்றோடு லேசாகத் தட்டினால் நல்லது கணீர் என்னும், விரிசல் விட்டது மந்தமாகச் சொல்லும். உனக்கு ஒன்பது வயது இருக்கும். ஸ்கூல் விட்டு நேரே அங்கே வந்துவிடுவாய். ஒருநாள் பசி தாங்காமல், வேலை சீக்கிரம் முடிந்தால் அம்மா கிளம்பிவிடுவாள் என்று நினைத்து, தட்டிப் பார்க்காத கட்டைகளை அள்ளி நல்ல கூடையில் போட்டுவிட்டாய். எத்தனை போட்டாய் என்று கேட்டால் தெரியாது என்றாய். நான் கூடை முழுவதையும் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக மறுபடி தட்டினேன். நீ அழுது அழுது மண் மூட்டையின் மேலேயே தூங்கிவிட்டாய். அன்றைக்கு உன் பசிக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அது என் தப்பு. கூடையைக் கொட்டியது தப்பில்லை, இன்றைக்கும் கொட்டுவேன். அங்கே இருந்த சூப்பர்வைசர்தான் பஸ் முதலாளியிடம், தயவு தாட்சண்யம் பார்க்காத பொம்பளை ஒருத்தி இருக்கிறாள் என்று என்னைச் சொல்லி அனுப்பினார்.

இப்போது நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். இதை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். நான் சேர்ந்த இரண்டாவது மாதம். மங்கலம்பேட்டை காதர் அண்ணனை உனக்குத் தெரியும், முகாசப்பரூர் பக்கம் போகிற வண்டியை ஓட்டினவர். அன்று காலை அவர் ஊதினார், மெஷின் கூவியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தங்கச்சி, நான் அத வாயில கூட வெச்சது கெடயாதும்மா. பல்லு வலிக்கிதுன்னு ஹோமியோபதி சொட்டு மருந்து போட்டுட்டு வந்தேன், அவ்ளோதான்" என்றார். மாட்டினவர்கள் எல்லோரும் ஏதாவது மருந்துதான் சொல்வார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் நோட்டில் எழுதினேன். முதலாளி அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார். ஐந்து வேளை தொழுகிற மனிதர், குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று அவர் தெருவில் பேச்சானது. இரண்டே மாதத்தில் வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மெஷினைச் சரிபார்க்க வந்த ஆள் சொன்னான். சொட்டு மருந்தோ இருமல் டானிக்கோ வாயில் பட்டிருந்தாலே அது கூவுமாம். தண்ணீரில் வாய் கொப்புளிக்கச் சொல்லி, இருபது நிமிடம் எதுவும் தின்னாமல் குடிக்காமல் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்ல வேண்டுமாம். வாயில் இருந்தது என்றால் போய்விடும், ரத்தத்தில் இருந்தால் போகாது. மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் இது அச்சடித்தே இருந்தது. இங்கிலீஷில். என்னால் படிக்க முடியாது. ஆனால் நீ அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில்தானே இருந்தாய்? உன்னிடம் கொடுத்து, இதில் என்னடா போட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் விடவில்லை. அந்தத் திமிரில் ஒரு நல்ல மனிதனின் பெயரைக் கெடுத்தேன்.

அந்த வாரம் நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். நம் ஊரில் யாருக்காவது அநியாயம் நடந்தால் அங்கே போய்த் தாளில் எழுதிப் பிராது கட்டுவார்கள், சாமி விசாரிக்கும் என்று. எழுதித் தருகிறவர், "யாரு மேலம்மா பிராது?" என்றார். "எம்மேலதாங்க" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடியெல்லாம் யாரும் கட்ட மாட்டாங்களேம்மா" என்றார். "நான் கட்டுறேன், எழுதுங்க" என்றேன். காதர் அண்ணன் பெயர், என் பெயர், நான் செய்தது எல்லாவற்றையும் எழுதி வாங்கிக் கட்டிவிட்டு வந்தேன். அப்படியே மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறி அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. முதலாளியிடம் சண்டை போட்டு நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில், மறு சோதனை செய்யவில்லை, இது செல்லாது என்று எழுதவைத்தேன். காதர் அண்ணன் ஒரு வருடம் கழித்து ஃபோனில் குரல் பதிவு அனுப்பினார். "இங்கயும் தெனம் ஊதச் சொல்றாங்க தங்கச்சி. நான் கேட்டு ரெண்டு வாட்டி ஊதுறேன்." அவ்வளவுதான். மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஷெட்டில் இரண்டு பழக்கம். யாருக்குக் கூவினாலும் இருபது நிமிடம், மறு சோதனை. தினமும் முதல் ஆளாக நான் ஊதுவேன், எல்லா டிரைவரும் பார்க்க. என் பெயர்தான் நோட்டில் முதல் வரி.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு வந்த கவிதா வீட்டு ஆட்கள் மண்டபத்திலேயே தங்கிவிட்டு, காலையில் உன் திட்டக்குடி பஸ்ஸிலேயே ஊர் திரும்புவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியில் போகிறோம் என்று அவர்களுக்கு ஒரே பெருமை. உனக்கும்தான். அதற்காகத்தான் லீவு போட மாட்டேன் என்றாய். ஏலக்காயை மென்றுகொண்டு, நெற்றியில் விபூதியோடு, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்து நின்றாய். எவ்வளவு அழகாக இருந்தாய் தெரியுமா? ஊதினாய். நாற்பத்தொன்று.

"வாய கொப்புளிச்சிட்டு வா. இருவது நிமிஷம் ஒக்காரு" என்றேன்.

"அம்மா, பஸ்ஸுல அவங்க வூட்டு ஆளுங்க எல்லாம் ஒக்காந்துருக்காங்கம்மா."

"இருக்கட்டும்."

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அந்த இருபது நிமிடத்தில் நான் கொளஞ்சியப்பரையும் வேண்டினேன், காதர் அண்ணன் கும்பிடுகிற சாமியையும் வேண்டினேன். இது சொட்டு மருந்தாக இருக்கட்டும், இருமல் டானிக்காக இருக்கட்டும், வேறு எந்தக் கண்றாவியாகவாவது இருக்கட்டும் என்று. நீ என்னைப் பார்த்த பார்வையிலேயே அது எதுவும் இல்லை என்று தெரிந்துபோனது.

"ராத்திரி பதினோரு மணிக்கே முடிச்சிட்டேம்மா. தூங்கி எழுந்துட்டேன். ரெண்டு வாட்டி குளிச்சேன், மோரு குடிச்சேன். எனக்கு ஒண்ணும் இல்ல. பாரு, கை நடுங்குதா?" என்று கையை நீட்டினாய். நடுங்கவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், உன் கை நடுங்கவில்லை. நீ பொய் சொல்லவும் இல்லை. இறங்கிவிட்டது என்று நிஜமாகவே நினைத்தாய். குளித்தால் அழுக்குப் போகும், மோர் குடித்தால் வயிறு குளிரும். ரத்தத்தில் இருப்பது அதன் நேரத்துக்குத்தான் இறங்கும், நம் பஸ் நேரத்துக்கு இறங்காது. பாதி டிரைவர்கள் இந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, நீ ஊதிடும்மா. எம்பேர போட்டு நீ ஊதிடு. யாருக்குத் தெரியும்?" என்றாய்.

தம்பி, நீ குடித்ததற்கு எனக்குக் கோபம் வந்ததைவிட அந்த ஒரு வார்த்தைக்கு வந்தது அதிகம். இந்த மூச்சில்தானே உன்னைச் சுமந்தேன், அதையே கடன் கேட்கிறாயே! அந்த நேரம் பார்த்துக் கவிதாவின் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். "என்னா மாப்ள, வண்டி எடுக்கலியா?" என்றார். நீ, "டயர்ல காத்து கம்மியா இருக்குது மாமா, பாத்துட்டு இருக்காங்க" என்றாய். மறுபடி ஊதினாய். முப்பத்தெட்டு. சட்டத்தில் முப்பது வரை விடுவார்கள், எங்கள் ஷெட்டில் சைபர். நான் எழுந்து நின்று, பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "டயரெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது. ராத்திரி குடிச்சது எறங்கல. இன்னிக்கி இவன் வண்டி எடுக்க மாட்டான்" என்றேன்.

இங்கேதான் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் இந்த ஓர் இடத்தில் மட்டும். உன்னை இறக்கியதற்கு இல்லை, உரக்கச் சொன்னதற்கு. நோட்டில் எழுதவும் முதலாளியிடம் சொல்லவும்தான் எனக்கு அதிகாரம். ஊரைக் கூட்டிச் சொல்ல அதிகாரம் இல்லை. வேறு எந்த டிரைவருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. உனக்குச் செய்தேன், ஏனென்றால் நீ என் பிள்ளை, எனக்கு ஆத்திரம். மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். அது தப்பு.

இறக்கியதற்கு மன்னிப்பு இல்லை. அன்று மாற்று டிரைவர் வந்து வண்டி எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் எட்டுப் பேர் அன்றைய வேலையை இழந்து, சட்டியும் கையுமாக என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள். வாங்கிக்கொண்டேன். உன் அப்பா பெண்ணாடம் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, "ஒரு நாளுதானடி, ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். ஒருவேளை ஆகியிருக்காது. நான் ஜோசியக்காரி இல்லை. முப்பத்தெட்டில் பஸ் கவிழ்ந்திருக்கும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் விரிசல் விட்ட ஃபியூஸ் கட்டையும் எல்லா வீட்டிலும் தீப்பிடிப்பதில்லை. எந்த வீட்டில் பிடிக்கும் என்று தெரியாததால்தானே தட்டிப் பார்க்கிறோம்? உன் அப்பாவின் தங்கை ஒருபடி மேலே போய் என் மேல் பிராதே கட்டிவிட்டு வந்தாள். கட்டட்டும். அதே இடத்தில் எனக்கு எதிராக நான் கட்டியது ஏற்கெனவே இருக்கிறது, சாமி இரண்டையும் சேர்த்து விசாரிக்கட்டும்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. கவிதாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன்னைப் பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெண் வீட்டில் பேச்சே இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீ திரும்ப வேலைக்கு வந்த அன்று காலை எனக்கு ஒரு ஃபோன். கவிதா. எடுத்ததும், "இன்னிக்கி ஊதுனாரா? என்னா காட்டுச்சி?" என்றாள். "சைபர்மா" என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். மறுநாளும் அதே நேரம். அதற்கு அடுத்த நாளும். நலம் விசாரிப்பது கிடையாது, ஊர்க்கதை கிடையாது. "இன்னிக்கி என்னா?" "சைபர்." நாற்பது நாள். நாற்பத்தோராவது நாள், "எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன் அத்த. நீங்க மண்டபம் பாருங்க" என்றாள். உன் ஊதல் கணக்கை அவளுக்குச் சொன்னதும் விதிப்படி தப்புதான். கெட்டதை ஊருக்கே சொன்னவள் நல்லதை அவளிடம் மறைக்கக் கூடாது என்று சொன்னேன்.

உன் கல்யாணம் நடந்தது மாமா மனம் இறங்கியதால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அந்த நோட்டை நம்பி ஒருத்தி உனக்குக் கழுத்தை நீட்டினாள். இப்போது அதே நோட்டைப் பொய் என்று எழுதித் தரச் சொல்லி அவளையே அனுப்புகிறாய். மெஷின் அன்றைக்குப் பழுது என்றால் அப்புறம் மட்டும் எப்படிச் சரியானது? நாற்பத்தொன்று பொய் என்றால் சைபரும் பொய்தான். ஒரு கட்டையைத் தட்டாமல் போட்டால் கூடை முழுவதையும் கொட்ட வேண்டியிருக்கும், தம்பி. கொட்டச் சொல்கிறாயா? இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை கவிதாவிடம் கேட்டேன். அவள் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துபோனாள்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபின் நீ என்னிடம் பேசுவதில்லை. ஆனால் தினமும் காலையில் வருகிறாய். நான் புதுக் குழாய் மாட்டி நீட்டுகிறேன், நீ ஊதுகிறாய், நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாய். ஒருநாள் உனக்குச் சளி பிடித்திருந்தது, மூச்சு இழுத்தது. மறுநாள் கஷாயம் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். நீ எடுக்கவில்லை. அன்றும் சைபர்தான்.

பெங்களூருக்குப் போ. போகாதே என்று சொல்ல மாட்டேன். அங்கே ஊதல் மட்டும் இல்லையாம், எச்சிலையும் எடுத்துப் பார்ப்பார்களாம். கஞ்சா, தூக்கம் வராமலிருக்கப் போடுகிற மாத்திரை எல்லாம் அதில் தெரிந்துவிடுமாம். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களிடம் அந்த மாத்திரையைப் பாக்கு மாதிரி நீட்டுவார்கள், வாங்காதே. தூக்கம் வந்தால் ஓரம்கட்டு, பயணிகள் கத்தட்டும். மருந்து ஏதாவது சாப்பிட்டிருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல். கூவினால் கொப்புளிக்கத் தண்ணீரும் இருபது நிமிடமும் கேள். கொடுக்கவில்லை என்றால் சண்டை போடு. அது உன் உரிமை. அதைக் காதர் அண்ணனுக்கு நான் கொடுக்கவில்லை.

நான் எழுதித் தரப்போவது இதுதான். இன்ன தேதியில் நாற்பத்தொன்று, இருபது நிமிடம் கழித்து முப்பத்தெட்டு, பதினைந்து நாள் நிறுத்தம். அதற்குப் பிறகு இன்றுவரை வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் சைபர். எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், கனமான கட்டு. முதலாளி சீல் வைக்க முணுமுணுத்தார், வைக்கவைத்தேன். அந்தக் கம்பெனிக்காரன் முதல் வரியை மட்டும் பார்த்து வேண்டாம் என்றால், அப்படிப்பட்டவனிடம் நீ வேலை பார்க்க வேண்டாம். எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கிற ஒருவன் கிடைப்பான்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறாய் என்று கவிதா சொன்னாள். நகல்களை அவளிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். டீக்கடையில் நிற்காமல், வெள்ளிக்கிழமை காலை ஷெட்டுக்கு நீயே வா. உனக்கு டியூட்டி இல்லை, ஊத வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தாலும் வா. முதலில் நான் ஊதுவேன். அப்புறம் நீ ஊது. அந்தக் கடைசி வரியையும் எழுதித்தான் உன் கையில் தருவேன்.

உன் அம்மா